பலகை ஏன் படியவில்லை? மரக் கப்பல் மாதிரி செய்பவர்களுக்கு ஒரு விளக்கம்

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த கதை வடமராட்சியில் இன்றும் பேசப்படுகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலருக்கு மரத்திலே ஒரு பாய்க்கப்பல் மாதிரி செய்துபார்க்கும் ஆசை வருவது இயல்பு. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய, மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய பெட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் பிளைவூட் துண்டையும் ஐஸ்பழக் குச்சியையும் வைத்துத் தொடங்குவார். கப்பலின் எலும்புக்கூடு இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். குழப்பம் வருவது பலகை ஒட்டும்போதுதான்.

முதல் இரண்டு வரி நன்றாகப் படியும். மூன்றாவது, நான்காவது வரியில் பலகையின் ஒரு ஓரம் முன்பக்கத்தில் எழும்பத் தொடங்கும். அழுத்திப் பிடித்து ஒட்டினால் அடுத்த பலகை இன்னும் மோசமாக எழும்பும். பத்தாவது வரிக்கு வரும்போது கப்பலின் முகம் செதில் செதிலாகத் தெரியும். பலர் இந்த இடத்தில், “எனக்குக் கை வராது” என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

கைத்திறன் குறைவால் இது நடப்பதில்லை. பலகை படியுமா படியாதா என்பதைப் பசை தொடுவதற்கு முன்பே அளவு தீர்மானித்துவிடுகிறது. அளவு சரியென்றால் சாதாரணக் கையும் நல்ல உடலைக் கட்டும். அளவு பிழைத்தால் கைதேர்ந்த தச்சராலும் பலகையை அடக்க முடியாது. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் தடித்த மரம் ஏரா. ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல எழும்புபவை வங்குகள். கப்பலின் முன்பகுதி அணியம், பின்பகுதி பின்னணியம். வங்குகளின் மேல் முன்னிருந்து பின்வரை ஒட்டப்படும் ஒவ்வொரு பலகை வரிசையையும் இந்தக் கட்டுரையில் ‘வரி’ என்று சொல்கிறேன். ஏராவை ஒட்டி வரும் முதல் வரிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு; அதை அடிவரி என்போம். அடிவரியின் ஓரம் போய் உட்காருவதற்காக ஏராவிலும், அணியத்தில் ஏராவிலிருந்து மேலெழும் அணியக் கட்டையிலும் வெட்டும் பள்ளம் காடி.

பலகைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டி, வெளிப்புறம் வழுவழுப்பாக இருப்பது ஒரு வகைக் கட்டுமானம். ஒரு பலகையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறிக் கிடப்பது இன்னொரு வகை. பெரிய பாய்க்கப்பல்கள் பெரும்பாலும் முதல் வகை. இரண்டு ஓரங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் தும்பையோ பஞ்சையோ திணித்துக் குங்கிலியமோ தாரோ பூசி அடைப்பார்கள். அந்த வேலைக்குப் பெயர் கலப்பத்து.

மாதிரிகளில் எலும்புக்கூடு இரண்டு விதமாக வரும். உண்மைக் கப்பலில் உள்ளதுபோல ஒவ்வொரு வங்கையும் தனித்தனியே செய்து நிறுத்துவது கடினமான முறை. பெட்டியில் வருபவை பெரும்பாலும் எளிய முறையைச் சேர்ந்தவை: பிளைவூட்டில் வெட்டிய ஒரு முதுகுத் தட்டு, அதில் குறுக்காகச் செருகிய பத்துப் பன்னிரண்டு தட்டுகள். அந்தக் குறுக்குத் தட்டுகளின் வெளி ஓரம்தான் கப்பலின் வடிவத்தைச் சொல்கிறது. வங்குகளின் வேலையை அவை செய்கின்றன. ஆனால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிது. அந்த இடைவெளியில் பலகை தன் போக்கில் வளைகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திப் பிறகு பலகை போர்த்துவது ஒன்றே வழியல்ல. இந்துப் பெருங்கடலின் பழைய தையல் மரக்கலங்களில் பலகைகளைக் கயிற்றால் ஓரத்தோடு ஓரம் தைத்து உடலை முதலில் உருவாக்கினார்கள். வங்குகள் பிறகுதான் உள்ளே வந்தன. சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டப் பயன்பட்ட மசூலாப் படகில் வங்கே கிடையாது. அந்த முறையில் உடலின் வடிவம் பலகையின் வெட்டிலேயே இருக்கிறது. பலகையின் வெட்டுத்தான் வடிவம் என்ற இந்த உண்மை, வங்கு வைத்துக் கட்டும் மாதிரிக்கும் பொருந்தும். அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

பலகை எழும்புவதன் காரணம்

ஒரு தாளை ரின் பால் பேணியைச் சுற்றி ஒட்டினால் சுருக்கமின்றிப் படியும். அதே தாளை விளாம்பழத்தில் ஒட்டினால் எங்கோ மடியும், எங்கோ கிழியும். பேணி ஒரே திசையில் வளைந்த பொருள்; விளாம்பழம் இரண்டு திசையில் வளைந்தது. கப்பலின் நடுப்பகுதி கிட்டத்தட்டப் பேணிபோல இருக்கிறது. அணியமும் பின்னணியமும் விளாம்பழத்துக்கு நெருக்கமானவை. ஆகவே நடுவில் படிகிற நேர்ப் பலகை இரு முனைகளிலும் படிய மறுக்கிறது.

ஒரு பலகைக்கு மூன்று வகை அசைவு உண்டு. தட்டையான முகம் வளையலாம், முறுகலாம், ஒடுங்கிய ஓரத்தின் பக்கமாக வளையலாம். முதல் இரண்டையும் மெல்லிய மரம் இலகுவாகச் செய்யும். மூன்றாவதை அது எதிர்க்கும். எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். பலகையின் அகலத்தைத் தடிப்பால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பலகைக்கு விடை 25. அதாவது முகத்தை வளைக்கத் தேவையான விசையைப்போல 25 மடங்கு விசை, ஓரத்தை அதே அளவு வளைக்கத் தேவை. ஐஸ்பழக் குச்சி சுமார் 10 மில்லிமீற்றர் அகலம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கும் விடை 25தான். ஆனால் தடிப்புக் கூடியதால் முகம் வளைவதற்கே கடினம். குச்சியில் செய்பவர்கள் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தடிப்பையும் தேய்த்துக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது அணியத்துக்கு வருவோம். நேர்ப் பலகையை நடுவிலே ஒட்டி, முன்னே கொண்டுபோய்க் கையை விட்டால் அது அணியக் கட்டையில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். நாம் நினைத்த இடத்துக்கு ஒரு விரல் மேலேயோ கீழேயோ முட்டும். அதுதான் பலகை தானாகப் போகும் வழி. அதை இழுத்து வேறு இடத்துக்குக் கொண்டுவந்தால், ஓரமாக வளைக்கிறோம் என்று பொருள். பலகை அந்த விசையைத் தாங்காமல் முறுகும். கீழ் ஓரம் தட்டோடு ஒட்டியிருக்க, மேல் ஓரம் தாள் ஒன்று நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். அடுத்த பலகை அந்த விலகிய ஓரத்தின்மேல் உட்கார வேண்டியிருப்பதால் இன்னும் கூடுதலாக விலகும். செதில் வருவது இப்படித்தான். சான்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று நினைத்துத் தேய்த்தால், அந்த இடத்தில் பலகை மெலிந்து ஓட்டை விழும்.

கணக்கு எப்படிப் போடுவது

எல்லாக் குறுக்குத் தட்டுகளின் ஓரமும் ஒரே நீளம் அல்ல என்பதுதான் கணக்கின் தொடக்கம். நடுவில் உள்ள தட்டு பெரிது. முன்னே உள்ளவை சிறியவை; பின்னே சில இடங்களில் ஓரம் நடுவை விட நீளமாகவும் வரும். அதே எண்ணிக்கை வரிகள் எல்லாத் தட்டுகளையும் கடக்க வேண்டுமென்றால், வரிகளின் அகலம் இடத்துக்கு இடம் மாறியாக வேண்டும்.

1. ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு தாள் நாடா வெட்டிக்கொள்ளுங்கள். நடுத் தட்டில், மேல்தளத்தின் ஓரத்திலிருந்து ஏராவின் காடிவரை அந்த நாடாவை வளைத்துப் பிடித்து, இரண்டு முனையையும் குறியுங்கள். விரித்து அளந்தால் அந்த இடத்தின் சுற்றளவு கிடைக்கும். உதாரணத்துக்கு 100 மில்லிமீற்றர் என்று வைப்போம். பலகை 5 மில்லிமீற்றர் அகலமென்றால் 20 வரி.

2. ஒவ்வொரு தட்டிலும் இதையே செய்யுங்கள். அணியத்துக்குப் பக்கத்திலுள்ள தட்டில் 60 மில்லிமீற்றர் வந்தால், 20 வரிக்குப் பகிர ஒவ்வொன்றுக்கும் 3 மில்லிமீற்றர். ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, முன்னே 3 என்று ஒடுங்க வேண்டும்.

3. ஒரு பலகையை அதன் பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கக்கூடாது. மிகவும் கூரான முனை ஆணி தாங்காது என்பது உண்மைக் கப்பலில் உள்ள காரணம். மாதிரியிலும் அது உடையும், பார்க்கவும் பொய்யாகத் தெரியும். முன்தட்டில் 46 மில்லிமீற்றர்தான் வருகிறதென்றால் 20 வரிக்கு 2.3 வரும். பாதியான 2.5ஐ விடக் குறைவு. அப்போது வரிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 18 வரியென்றால் 2.55 வருகிறது, சரி. இரண்டு இடத்தில் இரண்டு வரிகளை ஒன்றாகச் சேர்த்தால் 20 வரி 18 ஆகும்.

4. பின்னணியத்தில் பெரும்பாலும் எதிர்ப் பிரச்சினை. கீழ்ப்பகுதியில் சுற்றளவு நடுவை விடக் கூடிவிடும். 110 மில்லிமீற்றர் வந்தால் 20 வரி 100ஐத்தான் மூடும். மிச்சம் 10. பலகையை இழுத்து அகலமாக்க முடியாது. ஆகவே இரண்டு ஆப்புப் பலகை, அதாவது முன்முனை ஒடுங்கிப் பின்முனை முழு அகலமாக உள்ள துண்டு, இடையில் செருக வேண்டும்.

5. எல்லாத் தட்டிலும் பிரித்த புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். இனி ஒவ்வொரு ஐந்து வரிக்கும் ஒரு மெல்லிய சட்டத்தை அந்தப் புள்ளிகள் வழியே குண்டூசியால் நிறுத்தி, முன்னிருந்தும் பின்னிருந்தும் கண்ணை வைத்துப் பாருங்கள். எங்காவது துள்ளினால் புள்ளியை நகர்த்துங்கள். எண் சொல்வதும் கண் சொல்வதும் மாறுபட்டால் கண் சொல்வதை எடுக்க வேண்டும். மரக்கலம் கட்டும் தச்சர்களான ஓடாவிகளின் வேலையும் இதுவே: சட்டத்தைப் போட்டுத் தூரத்தில் நின்று பார்த்து, மறுபடி நகர்த்திப் போடுவது.

இதற்கு இரண்டு மாலை போகும். பலர் தாண்டிக் குதிக்கும் வேலையும் இதுதான். பெட்டியோடு வரும் கையேடுகளில் பலவும், “பலகையைத் தேவைக்கேற்ப ஒடுக்கி ஒட்டுக” என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வாங்கியவருக்குச் செய்யும் பெரிய அநீதி அது. தேவை எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

இரண்டு வரி ஒன்றாகும் இடம்

மூன்றாவது குறிப்பில் சொன்ன சேர்ப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்படும். ஒரு வரி முழு அகலத்தில் அணியத்தை நோக்கி வருகிறது. முன்னிருந்து இரண்டாவது குறுக்குத் தட்டில் அது கூராக முடிவதற்குப் பதில், பாதி அகலத்தில் சதுரமாக வெட்டி நிறுத்தப்படுகிறது. அடுத்த வரிப் பலகை முன்னே கொஞ்சம் அகலமாக இருக்கிறது. அதில், நின்ற பலகையின் முனை உட்காரும் அளவுக்கு ஒரு படி வெட்டுகிறோம். அந்தப் படிக்குள் முதல் பலகையின் சதுர முனை போய் உட்கார, அதற்கு அப்பால் ஒரே பலகை இரண்டின் இடத்தையும் நிரப்பிக்கொண்டு அணியக் கட்டைவரை போகிறது. வெட்டு எப்போதும் ஒரு தட்டின் மேலேயே விழ வேண்டும். அந்தரத்தில் விழுந்தால் ஒட்டுவதற்கு அடியில் மரம் இல்லை. கூரான உளியால் படியின் மூலையைச் சுத்தமாக எடுத்திருந்தால், வர்ணம் பூசாத மாதிரியில் இது ஒரு அழகு. தெரிந்தவர்கள் முதலில் பார்க்கும் இடமும் இதுவே.

அடிவரியில் நடக்கும் தவறையும் இங்கே சொல்ல வேண்டும். அடிவரிப் பலகையின் முன்முனையைப் பலர் அணியக் கட்டையில் மேலே ஏறவிடுகிறார்கள். பலகை அங்கே போகத்தான் விரும்பும். ஆனால் அது மேலே ஏறிவிட்டால், அதற்கு மேல்வரும் எல்லா வரிகளுக்கும் முன்னே இடம் சுருங்கிவிடும். பிறகு ஒடுக்கி ஒடுக்கி மாளாது. ஏரா வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்போ பின்போ அடிவரி முடிந்துவிட வேண்டும். முன்பக்கத்தை உருண்டையாக வெட்டி, தாழ்த்தி வைப்பதே முறை.

சூடா, தண்ணீரா?

பலகையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் வளையும் என்று எல்லோரும் சொல்வார்கள். முழுக்கச் சரியல்ல. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். அது சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். வளைவை நிலைக்க வைப்பது இந்த இளகலும் இறுகலும்தான். ஈரம், லிக்னின் குறைந்த சூட்டில் இளக உதவுகிறது. சூடு உள்ளே போகவும் உதவுகிறது. வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஊறிய பலகையை வளைத்து விட்டால் பெரும்பங்கு திரும்பிவிடும்.

1 மில்லிமீற்றர் பலகைக்கு ஒரு நிமிடம் தண்ணீர் போதும். பிறகு சோல்டரிங் அயனின் தண்டிலோ, அயன் பெட்டியின் விளிம்பிலோ, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டிலோ பிடித்து மெல்ல வளைத்து, ஆறும்வரை அதே நிலையில் பிடிக்க வேண்டும். ஆறிய பலகையைக் கப்பலில் வைத்துப் பார்த்தால் விரலே வைக்காமல் கிடக்க வேண்டும். கிடக்கவில்லையென்றால் மறுபடி சூடாக்குங்கள். கிளிப் போட்டு இறுக்கி ஒட்டலாம் என்று நினைக்கக்கூடாது. பலகைக்குள் இறுகி நிற்கும் விசை பசையை என்றைக்காவது பிரித்துவிடும்.

அதிகம் ஊறவைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரம் ஈரத்தில் அகலவாக்கில் பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. 5 மில்லிமீற்றர் பலகை ஊறி 5.1 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒட்டிக் காயவிட்டால், 20 வரிக்கு மொத்தம் 2 மில்லிமீற்றர் சந்து திறக்கும். வளைத்த பலகையை நன்றாகக் காயவைத்து, காய்ந்தபின் ஓரத்தைச் சீவி, அதன்பிறகுதான் பசை.

யாழ்ப்பாணத்துக் காலநிலை இதில் நேரடியாக விளையாடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது ஒட்டிய உடல், பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்கிக் கோடு கோடாகத் திறக்கும். மழைக்காலத்தில் எலும்புக்கூடு, பாய்மரம், துணைப்படகு என்று மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு, மழை விட்டபின் தை, மாசியில் பலகை ஒட்டத் தொடங்குவது நல்லது.

எந்த மரம்

அன்னபூரணியைப் போன்ற கப்பல்களுக்கு வேம்பும் இலுப்பையும் பயன்பட்டன. பெரிய கப்பலுக்கு அவை சிறந்தவை: உப்புத் தண்ணீரைத் தாங்கும், பூச்சி அரிக்காது, இயல்பாகவே வளைந்த கிளைகள் வங்குக்கு ஏற்றவை. ஆனால் உண்மைக் கப்பலுக்குச் சரியான மரம் மாதிரிக்கும் சரியாக இருக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மரத்தை நாற்பத்தெட்டில் ஒன்றாகச் சுருக்கலாம், அதன் இழையைச் சுருக்க முடியாது. பெரிய பலகையில் மறைந்துபோகும் முறுக்கு இழை, ஒரு மில்லிமீற்றர் பலகையில் உடைவாக மாறும்.

தேவை நேரான, நெருக்கமான இழை. மரக்காலையில் கேட்டால் கிடைக்கும் மகோகனித் துண்டுகள் நல்லவை. பலாவின் மஞ்சள் நிறம் மேல்தளத்துக்கு அழகு. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் மேற்பரப்பைத் தேய்த்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். முதிரை கடினம்; வளைக்கும்போது வெடிக்கும். அதைப் பாய்மரத் தாங்கி, கப்பி போன்ற வளையாத சிறு பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பனை நார் பிரியும் என்பதால் மெல்லிய பலகைக்கு உதவாது.

மூங்கிலுக்கு ஒரு தனி இடம். உண்மைக் கப்பலில் பலகையை வங்கோடு பிணைக்க மர ஆணியும் அடிப்பார்கள். மாதிரியில் அந்த ஆணியை மூங்கிலில் இழுத்து எடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். உலோகத் தட்டில் சிறிதாகிக்கொண்டே போகும் துளைகள் போட்டு, மூங்கிற் குச்சியை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் வழியே இழுத்தால் அரை மில்லிமீற்றர் கம்பியாக வரும். இழை நேராக ஓடுவதால் மூங்கில் இதற்குத் தாங்கும்.

ஒட்டும் ஒழுங்கு

பலகை வைப்பதற்கு முன் குறுக்குத் தட்டுகளின் ஓரத்தைச் சாய்வாகச் சீவ வேண்டும். முன்னும் பின்னும் உள்ள தட்டுகளைக் கப்பல் கடக்கும்போது சாய்வாகவே கடக்கிறது. ஓரம் சதுரமாக இருந்தால் பலகை ஒரு மூலையில் மட்டும் தொடும். ஒரு சட்டத்தை வைத்துப் பார்த்து, அது தட்டின் முழு ஓரத்தையும் தொடும்வரை சீவுங்கள்.

பிறகு இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் ஒரு வரி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் முதுகுத் தட்டு வாழைக்காய்போல வளைந்துவிடும், அதைப் பிறகு நிமிர்த்த முடியாது. பிவிஏ என்ற வெள்ளைத் தச்சுப் பசை போதும். சுப்பர் குளூ வேகமானதுதான். ஆனால் பலகையை நகர்த்த நேரம் தராது, படிந்த இடத்தில் கறையும் விடும்.

உண்மைக் கப்பலில் ஒரு வரி முழுவதும் ஒரே மரத்தால் ஆனதல்ல. அவ்வளவு நீளத்துக்கு மரம் கிடைப்பதில்லை. ஆகவே துண்டுகளை வங்கின் மேல் முட்டவைத்து மூட்டுவார்கள். அந்த மூட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் உடல் அங்கே பலவீனமாகும். ஒரே வங்கின் மேல் இரண்டு மூட்டு வர வேண்டுமென்றால் இடையில் மூன்று வரியாவது மூட்டில்லாமல் கடக்க வேண்டும் என்பது மரக்கப்பல் கட்டுமானத்தில் பழகிய விதி. மாதிரியில் இதைக் கடைப்பிடித்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் உடல் நம்பும்படி இருக்கும். 24 அடிப் பலகை, 48இல் ஒன்று என்ற அளவில் சுமார் 15 சென்ரிமீற்றர் வரும். பெட்டியில் வரும் 60 சென்ரிமீற்றர் பலகையை அப்படியே ஒட்டினால் உண்மையில் கிட்டத்தட்ட 95 அடி நீள மரம் என்று அர்த்தம்!

48இல் ஒன்று என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. ஓரடிக்குக் கால் அங்குலம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியக் கடற்படைக்காகச் செய்த மாதிரிகள் பெரும்பாலும் இந்த அளவில் இருந்தன. அவற்றில் பலவற்றுக்குக் கீழ் உடலில் பலகையே கிடையாது; வங்குகள் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள்.

அன்னபூரணியை மாதிரியாகச் செய்யலாமா?

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் வராமல் இருக்காது. இரண்டு பாய்மரம் கொண்ட அந்தக் கப்பலின் நீளம் 89 அடி என்று பதிவாகியிருக்கிறது. 48இல் ஒன்று என்றால் உடல் சுமார் 56 சென்ரிமீற்றர். ஒரு மேசையில் வைக்கலாம். அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் ரொபின்சன் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது சூயஸ், ஜிப்ரால்டர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்தது. ஒளிப்படங்களும் இருக்கின்றன.

ஆனால் ஒளிப்படத்தைப் பார்த்து மாதிரி செய்வோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மிதக்கும் கப்பலின் படம் நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதைத்தான் காட்டும். பாய்மரத்தின் இடம், பாய் கட்டும் குறுக்கு மரங்களான பருமல்களின் நீளம், மேல் ஓரத்தின் வளைவு ஆகியவற்றைப் படத்திலிருந்து அளந்துகொள்ளலாம். அடிவயிறு எவ்வளவு பருத்தது, அணியம் தண்ணீருக்குள் எப்படிக் கூர்ந்தது என்பதைப் படம் சொல்லாது. குறுக்குத் தட்டுகளின் வடிவம் அதில்தான் இருக்கிறது. பலகையின் கணக்கு முழுவதும் அந்தத் தட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே படத்தை வைத்துச் செய்த எந்த மாதிரியிலும் கீழ்ப்பாதி செய்தவரின் ஊகம். ஊகிப்பது குற்றமில்லை, அதே காலத்து, அதே வகைக் கப்பல்களின் அளவை வைத்து நியாயமாக ஊகிக்கலாம். மாதிரியின் பீடத்தில் அதைக் குறித்து வைப்பதுதான் நேர்மை. “அன்னபூரணியின் அசல் வடிவம்” என்று எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

எதில் தொடங்குவது

பெட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விக்ரோரியையோ கற்றி சார்க்கையோ கேட்கிறார்கள். 1765இல் கடலில் இறங்கிய விக்ரோரி மூன்று பீரங்கித் தளங்கள் கொண்ட போர்க்கப்பல். அதன் அணியம் மழுங்கி உருண்டது. பலகை மிகச் சிறு தூரத்தில் கிட்டத்தட்டச் செங்கோணத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாச் சிக்கல்களும் ஒரே இடத்தில் குவியும் உடல் அது. 1869ஆம் ஆண்டின் கற்றி சார்க் கூரான அணியம் கொண்டதால் முன்னே இலகு; பின்னணியத்தின் தொங்கும் வளைவு வேலை வாங்கும், கயிற்று வேலையோ அளவில்லாதது.

முதல் வேலைக்கு, இரு முனையும் கூர்ந்த திறந்த படகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நம் கரையின் வள்ளம் ஒன்றைப் பெரிய அளவில், 12இல் ஒன்றாகச் செய்தால் பலகைகள் அகலமாக வரும், எண்ணிக்கை குறையும், பிழை எங்கே வருகிறதென்று கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி நார்ப் படகுகள் வந்தபின் மரவள்ளங்கள் கரையில் அருகிவிட்டன. எங்கேயாவது கவிழ்த்துக் கிடக்கும் பழைய மரவள்ளத்தைக் கண்டால், அளவு நாடாவோடு போய் வரிகளின் அகலத்தை நடுவிலும் இரு முனையிலும் அளந்து எழுதிவையுங்கள். ஒடுக்கம் என்றால் என்ன என்பதை அந்த மூன்று எண்களும் சொல்லும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள உடலும் அங்கே கண்முன்னே கிடக்கிறது.

பெட்டியில் இரட்டைப் பலகை உள்ளதாக எழுதியிருந்தால் தொடங்குபவர்களுக்கு அது வசதி. 1.5 மில்லிமீற்றர் அளவுள்ள மலிவான மரத்தால் முதல் அடுக்கு. அதில் பிழைகளை நிரப்பித் தேய்த்துச் சமன் செய்தபின், அரை மில்லிமீற்றர் நல்ல மரத்தால் இரண்டாம் அடுக்கு. ஆனால் முதல் அடுக்குக்கும் அதே கணக்கைப் போட்டுப் பழகுங்கள். மறையப்போவதுதானே என்று விட்டால், இரண்டாம் அடுக்கு அந்தக் குழியையும் மேட்டையும் அப்படியே காட்டும்.

முடித்த மாதிரியை வைத்திருப்பது

கறையானும் உளுவும் நம் வீடுகளில் உண்மையான எதிரிகள். மரத்தை அறுத்தவுடன் போரிக் அமிலக் கரைசலில் தோய்த்துக் காயவைத்தால் உளு அண்டாது. சுவரோடு ஒட்டி வைக்காமல், நான்கு கால் உள்ள மேசையில் வையுங்கள். வெயில் நேரே விழும் ஜன்னலோரம் ஆகாது.

தூசுக்கும் உப்புக் காற்றுக்கும் கண்ணாடிப் பெட்டி அவசியம். அதை முற்றாக அடைத்துவிடுவது தவறு. மரமும் சில பசைகளும் மெல்ல அசற்றிக் அமில ஆவியை வெளிவிடுகின்றன. அடைத்த பெட்டிக்குள் அது தேங்கினால், ஈயத்தில் வார்த்த நங்கூரமும் பீரங்கியும் வெள்ளைப் பொடியாக உதிரும். பெரிய அருங்காட்சியகங்களின் பழைய மாதிரிகளிலும் இது நடந்திருக்கிறது. பெட்டியின் அடித்தளத்தில் எதிரெதிர் மூலைகளில் துளைகள் போட்டு, எறும்பு நுழையாதபடி மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள். ஈய உருப்படிகளுக்குப் பதில் பித்தளை கிடைத்தால் பித்தளையையே போடுங்கள்.